பாலத்தின் மேல் நிற்பவர்

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகள் யாழினி என்னை ஈப்போ பழைய டவுனில் ஒரு கடைக்கு அழைத்துப் போனாள். கீழே கோப்பிக் கடை. மேல்மாடியில் சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கப் பலகை விளையாட்டுப் பெட்டிகள். ஒரு கோப்பி வாங்கிவிட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து ஆடலாமாம். எனக்கு இந்த விதி பிடித்திருந்தது. அதற்குப் பிறகு அங்கே கண்ட விதிகளில் பிடித்தது ஒன்றும் இல்லை.

யாழினியின் தோழிகள் இருவரும் ஒரு பெட்டியை எடுத்து வந்து பலகையை விரித்தார்கள். நடுவில் ஆறு. ஒரு கரையில் மலை, மறுகரையில் துறைமுகம், குறுக்கே இரண்டு பாலங்கள். மலையிலிருந்து மிளகும் ஈயமும் இறக்கிக் கொண்டுபோய்த் துறைமுகத்தில் சேர்க்க வேண்டும். யார் முதலில் தம் சரக்கை முழுதாகச் சேர்க்கிறாரோ அவருக்கு வெற்றி. படங்களெல்லாம் புதிது, வண்ணங்கள் பளபளவென்று இருந்தன. ஆனால் ஆட்டம் எனக்குத் தெரிந்த ஆட்டம். நாங்கள் அதை 'ஆத்து வெளாட்டு' என்போம். பெட்டியில் போட்டிருந்த பெயரைச் சொல்ல யாருக்கும் நாக்கு வளையவில்லை.

யாழினியின் காய் பாலத்தின் நடுவில் நின்றபோது அவள் தோழி ஒரு கார்டைப் புரட்டினாள். வெள்ளம். ஒரு பாலம் உடைகிறது. நான் என் கோப்பிக் கோப்பையை எடுத்துப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டேன். அந்தக் கார்டு வரும்போது மேசையில் என்னென்ன கவிழும் என்பதை அனுபவத்தில் அறிந்தவன் நான்.

எதுவும் கவிழவில்லை. தோழி கார்டின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். பாலத்தின் மேல் நிற்கும் காய்கள் ஆட்டத்திலிருந்து நீக்கப்படும். யாழினி தன் காயை எடுத்து, பெட்டிக்குள் அதற்கென்றே வெட்டி வைத்திருந்த குழியில் பொருத்தினாள்.

"அவ்ளோதானா?" என்றேன்.

"என்ன மாமா?"

"உன் காய எடுத்துட்டாங்க. நீ ஒண்ணும் கேக்கலயா?"

"கார்டுலயே போட்டிருக்கு மாமா. ரூல்ஸ்லா."

பிள்ளை மேல் கோபம் இல்லை. அந்தப் பொடி எழுத்தின் மேல்தான். பழைய கார்டில் அந்த வரி கிடையாது. பல ஆண்டுகள் பத்திரிகையில் அடுத்தவர் எழுத்தில் பிழை பார்த்துச் சோறு தின்றவன் நான். வீட்டுச் சாவியை வைத்த இடம் மறந்தாலும் படித்த வரி மறப்பதில்லை. பழைய கார்டில் இருந்தது இவ்வளவுதான்: வெள்ளம் வந்தது, ஒரு பாலம் உடைந்தது, அடுத்த சுற்று வரை அதை யாரும் கடக்க முடியாது. மேலே நிற்பவர் கதி என்ன என்று அதில் ஒரு சொல் இல்லை. அந்தச் சொல் இல்லாத இடத்தில்தான் நாங்கள் வாழ்ந்தோம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

பால் மாவும் டெட்டாலும் ஒட்டுப்பாலும் கலந்தால் ஒரு வாடை வரும். கடையில் கிடைக்காது. எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகையின் வாடை அது. ஈப்போவுக்கும் கமுந்திங்குக்கும் நடுவில் இருந்த ஒரு கித்தாத் தோட்டம், அதாவது ரப்பர் தோட்டம், எங்களுடையது; எங்களுடையது என்று வாய்ப் பழக்கத்தில் சொல்கிறேன், அதன் விளக்கம் பின்னால் வரும். பால் மரம் வெட்டப் போகும் பெண்கள் விடியலில் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் ஆயாக் கொட்டகை. வார நாளில் தொட்டில்கள், அழுகை. ஞாயிற்றுக்கிழமைகளில் காலி. நடுவில் நீளமாக ஒரு மேசை, முழங்கால் உயரம்தான் இருக்கும். பிள்ளைகள் உட்கார்ந்து கஞ்சி குடிக்கச் செய்தது. வளர்ந்த மனிதர்களான நாங்கள் அதைச் சுற்றிச் சப்பணமிட்டு உட்கார்ந்து ஆடுவோம். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு நாங்கள் கஞ்சிக்குக் காத்திருப்பதுபோல் தெரிந்திருக்கும்.

பெட்டியைக் கொண்டுவந்தது தேவராஜ் அண்ணன். கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை, அங்கேயே ஹாஸ்டலில் தங்கல். உடன் தங்கியிருந்த ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது விட்டுச்சென்ற சாமான்களில் அந்தப் பெட்டியும் இருந்ததாம். சனிக்கிழமை பிற்பகல் மோட்டர் சைக்கிளில் அதைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வருவார். நான் அப்போது ஈப்போவில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன், பஸ்ஸில் வருவேன். மூன்றாவது ஆள் காதர் பாய். தோட்டத்து வாசலில் மளிகைக் கடை. ஞாயிற்றுக்கிழமை கடையை மகனிடம் விட்டுவிட்டு வருவார். சீனி நிறுக்கும் கை எவ்வளவு நேர்மையோ அவ்வளவு நேர்மையாக ஆடுவார். தராசுத் தட்டை அவர் விரல் தொடுவதைத் தோட்டமே பார்த்திருக்கிறது என்பதால், அந்த நேர்மை எவ்வளவு என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

நான்காவது ஆள் வந்தது தற்செயல். கொட்டகையின் சாவி ஆயாவான செல்வி அக்காவிடம் இருந்தது. ஆற்றோரம் தண்ணீர் இறைக்கும் பம்பு வீட்டை ஒட்டி வரிசையாகச் சில வீடுகள் உண்டு, பம்பு வீட்டு லைன் என்போம். அதில் ஒன்றில் அக்கா குடியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைப் பூட்ட வந்தவர், உள்ளே கேட்ட சத்தத்தில் யாரோ யாரையோ வெட்டிவிட்டார்கள் என்று நினைத்தாராம். கொள்ளையர் கார்டு வந்திருந்தது. அதிகச் சரக்கு வைத்திருப்பவரிடமிருந்து ஒரு மூட்டை பறிபோகும். தேவராஜ் அண்ணனும் காதர் பாயும் சரிசமமாக வைத்திருந்தார்கள். யாரிடமிருந்து பறிப்பது என்று கார்டு சொல்லவில்லை. தேவராஜ் அண்ணன் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார், காதர் பாய் கார்டின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

செல்வி அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "என்னாங்கடா இது? எம் புள்ளைங்களே தேவலயே."

"நீங்களே சொல்லுங்கக்கா, பாய் பண்றது சாலா இல்லயா, தப்புதான?"

"நான் ஏன் சொல்லணும்? எங்கிட்ட ரெண்டு புள்ள பொம்மைக்கு அடிச்சிக்கிட்டா என்ன பண்ணுவேன் தெரியுமா? அவன் ஏன் கேக்குறான்னு இவன் சொல்லணும். இவன் ஏன் கேக்குறான்னு அவன் சொல்லணும். ஒழுங்கா சொல்ற வரைக்கும் பொம்ம என் மடியில. பாய், எந்திரிங்க. கார்ட குடுங்க."

காதர் பாய் எழுந்தார். வேறு வழி இல்லை, கொட்டகைச் சாவி அக்காவிடம் இருந்தது. முதல் முறையாக அன்று வாய் மாற்றிப் பேசினார்கள். தேவராஜ் அண்ணனுக்காகக் காதர் பாய் பேசியபோது குரல் தழுதழுத்தது; கமுந்திங் ஹாஸ்டலில் தேவராஜ் படும் பாடு, அவர் தின்னும் காய்ந்த ரொட்டி எல்லாம் மிளகு மூட்டைக்குள் வந்துவிட்டன. இருவரும் அரை மூட்டை அரை மூட்டையாகக் கொடுப்பது என்று முடிந்தது. அன்றிலிருந்து எங்கள் மேசையில் அதுவே முறை. கார்டு எதையாவது சொல்லாமல் விட்டால், அதனால் லாபம் அடைபவர் நட்டம் அடைபவருக்காகப் பேச வேண்டும். நட்டம் அடைபவர் மற்றவருக்காக. சம்பந்தமில்லாதவர்கள் கேட்டு முடிவு சொல்வார்கள். அரைமனதாகப் பேசினால் செல்லாது. "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டு மறுபடி பேச வைப்போம். சொன்ன முடிவு பிறகு மாறாது.

அதன்பின் செல்வி அக்காவும் ஆட உட்கார்ந்துவிட்டார். நல்லவர் என்று சொல்ல மாட்டேன். தோற்றால் சாவியைக் குலுக்குவார். ஜெயித்தால் அடுத்த ஞாயிறு வரை தோட்டமே கேட்கும்.

வெள்ளக் கார்டு அவர் ஆட்டத்தில்தான் வந்தது. அக்காவின் காய் கடைசிச் சரக்கோடு பாலத்தின் நடுவில். அடுத்த முறை கரை ஏறினால் வெற்றி அவருக்கு. தேவராஜ் அண்ணன் புரட்டினார், வெள்ளம். அவர் முகத்தில் தீபாவளி. உடனே அது அணைந்தது, ஏனென்றால் லாபம் அவருக்கு. ஆகவே அவர்தான் அக்காவுக்காகப் பேச வேண்டும்.

அக்கா முதலில் பேசினார். தன்னைத் தானே ஆற்றில் தள்ளும் வேலையை அவர் அனுபவித்துச் செய்தார். "பாலமே இல்ல. அப்பறம் மேல நிக்கிறவ எங்க நிப்பா, ஆகாசத்துலயா? போனது போனதுதான். ஆத்துக்குத் தெரியுமா மேல நிக்கிறது செல்வியா வேற யாருமான்னு? எடுங்க காய."

தேவராஜ் அண்ணன் ஹெல்மெட்டை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே யோசித்தார். மெல்லத்தான் ஆரம்பித்தார். "அவங்க ஏறும்போது பாலம் இருந்துச்சு. ஏறலாம்னு ஆட்டம்தான சொல்லுச்சு? அத நம்பித்தான ஏறுனாங்க. வெள்ளம் அவங்க கூட்டியாந்தது இல்ல. கார்டு என்ன சொல்லுது, யாரும் கடக்கக் கூடாது. கடக்கதான் கூடாதுன்னுச்சு, நிக்கிறவங்கள எடுன்னு சொல்லலயே. அதனால..." இங்கே நின்று எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதனால எந்தக் கரைல எறங்குறதுன்னு அவங்கதான் சொல்லணும். அடச்சே."

முடிவு சொல்ல வேண்டியவர்கள் நானும் காதர் பாயும். சொல்ல என்ன இருக்கிறது? அக்கா துறைமுகக் கரையில் இறங்கினார். ஜெயித்தார். "என் வாயாலயே தோத்தேன்லா," என்று தேவராஜ் அண்ணன் மோட்டரை உதைத்துக்கொண்டு போனது கண்ணில் இருக்கிறது. ஆனால் அடுத்த வாரம் வந்தார். அதற்கடுத்த வாரம் அவர் காயே பாலத்தில் நின்றபோது, கரையை அவரே சொன்னார்.

தோட்டம் விற்கப்பட்டது அதற்குப் பிறகு. பேராக் மாநிலத்தில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. விற்கப்படாத தோட்டம் ஒன்று இருந்தால் அதுதான் செய்தி. பெரட்டுக்களத்தில், தினமும் விடியலில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அதே திடலில், கூடாரம் போட்டு நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். நான் பத்திரிகைக்காகப் போயிருந்தேன். பின்வரிசையில் காதர் பாய், அவர் பக்கத்தில் நான்.

கம்பெனியிலிருந்து வந்த அதிகாரி தமிழர். என் வயதுதான் இருக்கும். மரியாதையாகப் பேசினார். தானும் ஒரு தோட்டத்தில் பிறந்தவன்தான் என்று ஆரம்பித்து எல்லோரையும் அக்கா அண்ணே என்று விளித்தார். தோட்ட நிலத்தில் இருக்கும் வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் மாற்று வீடு உண்டு என்றார். கைதட்டினார்கள்.

செல்வி அக்கா எழுந்தார். "பம்பு வீட்டு லைனுக்கு?"

அதிகாரி தாளைப் புரட்டினார். "அது ஆத்து ரிசர்வ் நெலம்கா. அரசாங்கத்தோடது. தோட்ட நெலத்துல வராது."

"வீட்ட கட்டுனது யாரு?"

"கம்பெனிதான்."

"எங்கள குடி வச்சது?"

"கம்பெனிதான். ஆனா நெலம் கம்பெனியோடது இல்லயே."

"நெலம் ஆபீசுல போயி கேட்டேன் தம்பி. வீடு கம்பெனி வீடு, கம்பெனிய கேளுன்னான். கம்பெனிய கேட்டா நெலம் அவனோடது, அவனப் போயி கேளுன்றீங்க. நான் எங்க நிக்கிறேன்?"

அதிகாரி, இதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்றார். அதுதான் உண்மையும். விற்றவரையும் வாங்கியவரையும் பற்றி எழுதியவர்கள் அந்த ஆற்றோர வீடுகளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. நான் தேவராஜ் அண்ணனைத் தேடினேன். வேலை நாள், அவர் கமுந்திங்கில்.

"விதியில இல்லன்னா பேசித் தீத்துக்கலாம்," என்றார் செல்வி அக்கா. "எங்க கொட்டாயில ஒரு மொற இருக்கு. நான் கம்பெனி பக்கம் பேசுறேன். நீங்க என் பக்கம் பேசுங்க. நல்லாப் பேசணும்."

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கம்பெனியாக மாறினார்.

"வீடு எங்களதுதான், இல்லன்னு சொல்லல. ஆனா மண்ணு எங்களது இல்ல. இன்னிக்கி இந்த லைனுக்குக் குடுத்தா, நாளைக்கி ஆத்தோரமா கொட்டா போட்டவன்லாம் வந்து கைய நீட்டுவான். எங்க போயி நிறுத்துறது? கம்பெனி நடத்துறமா, சத்திரம் நடத்துறமா?"

"கரெக்டா சொன்னீங்கக்கா," என்றார் அதிகாரி.

"இப்ப நீங்க."

அவர் விளையாட்டாகத்தான் தொடங்கினார். மைக்கைக் கையில் எடுத்து, கொஞ்சம் குரலை மாற்றி, "சரி, நான்தான் ஆயா," என்றார். கூட்டம் மறுபடி சிரித்தது. "கல்யாணமாயி வந்த நாள்லேர்ந்து அந்த வீட்லதான் இருக்கேன். மண்ணு யாரோடதுன்னு யாரும் சொல்லல, நானும் கேக்கல. கம்பெனி சாவியக் குடுத்துச்சு, வாங்கிக்கிட்டேன். வெள்ளம் வந்தப்பல்லாம் லைன விட்டுப் போவாத, பம்ப பாத்துக்கோன்னு கம்பெனிதான் சொல்லுச்சு. பாத்துக்கிட்டேன். அப்ப மட்டும் அது யாரு நெலம்..."

அங்கே நின்றார். தான் சொன்னது தன் காதில் விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவர் மைக்கைக் கீழே வைத்து, போத்தலைத் திறந்து தண்ணீர் குடித்து, மூடியை நிதானமாகத் திருகினார்.

"இது வெளாட்டு இல்லக்கா," என்றார்.

பக்கத்திலிருந்து காதர் பாய் சொன்னார். "வெளாட்டுலயே நாங்க பேசித்தான் முடிக்கிறோம் தம்பி."

அடுத்த கேள்வி என்று அதிகாரி வேறு பக்கம் கை காட்டினார். அக்கா உட்காரவில்லை. கூட்டம் முடியும் வரை அப்படியே நின்றார்.

அன்று பார்த்ததை நான் எழுதினேன். பத்திரிகை போட்டது. எந்த மறுப்பும் வரவில்லை, பதிலும் வரவில்லை. மற்றவர்களுக்கு வெகுநாள் இழுத்தடித்து மாற்று வீடு கிடைத்தது. பம்பு வீட்டு லைனை ஒரு காலை இயந்திரம் வந்து இடித்தது. அந்த அதிகாரி கெட்டவர் அல்ல என்று சொல்பவர்கள் உண்டு, அவருக்கு அதிகாரம் இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சமாதானங்கள் இன்றுவரை செரிக்கவில்லை. அக்காவின் பக்கம் என்ன நியாயம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் யாரையும்விட அழகாகச் சொன்னார். சொல்லிவிட்டு மூடியைத் திருகினார். ஒன்றும் தெரியாதவர் செய்திருந்தால் மன்னித்திருப்பேன்.

செல்வி அக்கா இப்போது குனோங் ராபாட்டில் மகன் வீட்டில் இருக்கிறார். வாசலில் நின்றால் நேர் எதிரே சுண்ணாம்பு மலை. காதர் பாய் இல்லை. அவர் மகன் ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார், சீனி இப்போது இயந்திரத்தில் நிறுக்கப்படுகிறது. தேவராஜ் அண்ணனுக்கு முழங்கால் போய்விட்டது. பழைய பெட்டி அவர் வீட்டில் கரையானுக்குப் போனது. ஆயாக் கொட்டகை இருந்த இடம் எது என்று என்னாலேயே இப்போது காட்ட முடியாது.

போன ஞாயிறு யாழினியை வீட்டில் இறக்கிவிட்டு நேரே செல்வி அக்காவிடம் போனேன். பொடி எழுத்தைப் பற்றிச் சொன்னேன்.

"ஆட்டத்த விட்டே எடுத்துருவாங்களா?" என்றார். "யாரக் கேட்டு?"

"கார்டுலயே போட்டுட்டாங்கக்கா."

"அந்தப் புள்ள ஒண்ணும் சொல்லலயா?"

"இல்ல."

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு, "காடி கொண்டாந்துருக்கியா? வா, ஒரு ரவுண்டு போலாம்," என்றார்.

தோட்டம் இருந்த பக்கம் இப்போது பெரிய சாலை. இரு புறமும் ஒரே மாதிரி வீடுகள். பம்பு வீடு இருந்த இடத்துக்கு நேர் மேலே, ஆற்றைத் தாண்டி ஒரு கான்கிரீட் பாலம் போகிறது. அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தார். தண்ணீர் அதே காவி நிறம்.

"நிறுத்துப்பா. ஒரு நிமிசம்."

"இங்க நிறுத்த முடியாதுக்கா. போர்டு போட்டிருக்கு."

"என்னான்னு?"

"பாலத்து மேல நிக்கக் கூடாதுன்னு."

பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். நான் வேகத்தைக் கூட்டினேன். அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"அதுக்கும் போர்டு போட்டுட்டானுங்களா," என்றார்.